ஓடைக்கு அந்தப் பக்கம்

பறக்கிற கோலா மீன் வருகிற மாதங்களில் மேகம் மலையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்து படுத்துக்கொள்ளும். காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீடு தெரியாது. கடல் மட்டும் பக்கத்து அறையில் யாரோ புரண்டு படுப்பதுபோலக் கேட்கும். அந்த வெள்ளைக்குள் சினன் லமோர் அடுப்பைப் பற்றவைத்து, கல்லைத் துடைத்து, முட்டை ரொட்டிக்கு மாவு கரைப்பாள். தைவான் கரையிலிருந்து கப்பலில் வந்த சுற்றுலாப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு ஸ்கூட்டரில் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு ரொட்டியும் சூடான சோயாப் பாலும் கொடுத்து முடித்து, கடையைச் சாத்திவிட்டுச் சேப்பங்கொல்லைக்குப் போனால், வீடு திரும்ப மத்தியானம் தாண்டிவிடும்.

சினன் லமோர் என்றால் லமோரின் அம்மா. இந்தத் தீவின் தாவோ ஜனங்களுக்குள் தலைப்பிள்ளை பிறந்த நாளோடு பெற்றவர்களின் பழைய பெயர் கழன்று விழுந்துவிடும். அவள் கணவனும் சியமன் லமோர்தான், லமோரின் அப்பா. அந்த லமோர் இன்னும் பள்ளிக்கூடம் போகும்போது அழுகிற சிறுபெண்.

பழைய பெயரோடு இருந்த காலத்தில் சினன் லமோர் தைத்துங் நகரத்தில் நடந்த வாலிபர் முகாமுக்குப் போயிருந்தாள். கடைசி நாள் கூட்டத்தில் பிரசங்கியார், "கர்த்தர் அனுப்பினால் யார் போவீர்கள்?" என்று கேட்டார். இவள் எழுந்து நின்றாள். முழங்கால் நடுங்கியது, கண்ணீர் வடிந்து கழுத்துவரை நனைந்தது. விமானம் ஏறிப் போகிற ஏதோ ஒரு நாடு, பெயர் தெரியாத ஜனங்கள், அவர்கள் நடுவில் தான் என்று நினைத்துக்கொண்டாள். யாரும் அனுப்பவில்லை. தைவான் பெரிய கரையில் ஒரு நூல் ஆலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். திரும்பி வந்தாள். கல்யாணம், பிள்ளை, கடை என்று நாட்கள் போயின. ஆனாலும் சில விடியற்காலைகளில் மாவு கரைக்கிற கை நின்றுபோகும். யாரோ கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டதுபோல இருக்கும்.

இதை ஒருதரம் வாய்தவறி நாத்தனாரிடம் சொல்லிவிட்டாள். நாத்தனார் சினன் வொனாய், கணவனின் அக்கா. அடுத்தடுத்த கொல்லை இருவருக்கும். முழங்கால் சேற்றில் நின்று களை பிடுங்கும்போதெல்லாம் அவளுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

"ஏ பிள்ள, அந்த அழைப்பு வந்துச்சா? இல்ல, இன்னும் டவர் கிடைக்கலையா?"

"வரும் மதினி."

"வரட்டும். வாறதுக்குள்ள இந்த வரப்பை முடிச்சிருவோம். பொறவு நீ ஆப்பிரிக்கா போயிட்டா எனக்குல்லா இடுப்பு ஒடியும்."

"உங்களையும் கூட்டிட்டுத்தான் போவேன்."

"எனக்குப் பாக்கு கிடைக்காத ஊரு வேண்டாம்."

சினன் வொனாயின் சிரிப்பு சேற்றுத் தண்ணீரில் பரவி, மேகத்தில் போய் மறையும். அவள் வாய்தான் அப்படி. இவள் கொல்லையில் தண்ணீர் குறைந்தால் கேட்காமலே தன் மடையைத் திறந்துவிடுகிறவளும் அவள்தான்.

அன்று நாத்தனார் முன்னாலேயே போய்விட்டாள். சினன் லமோர் கிழங்குக் கூடையைத் தலைப்பட்டையில் மாட்டி முதுகில் சுமந்துகொண்டு ஓடைக் கரையில் தனியாக வந்தாள். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தாழம்புதர்கள் ஒவ்வொன்றாக வந்து வந்து போயின. அப்போதுதான் பாட்டு கேட்டது. கிழட்டுக் குரல். கோலா மீனைக் கூப்பிடுகிற பழைய பாட்டு. ஒரு வரி வரும், மூச்சு வாங்கும், அடுத்த வரி வரும்.

யாரென்று அவளுக்குத் தெரியும். ஓடைக்கு அந்தப் பக்கம், ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் தகரம் போட்ட குடிசையில் இருக்கிற சி மங்கவத். கணவனின் பெரியப்பா. பிள்ளை பிறக்காததால் பல் எல்லாம் விழுந்த பிறகும் சின்னப் பையனாக இருந்தபோது வைத்த பெயரே அவருக்கு. மனைவி போய்ச் சேர்ந்தபின் தம்பி மகன் வீட்டில்தான், அதாவது இவர்கள் வீட்டில்தான் இருந்தார். கால் நீர்கோத்து, ராத்திரியில் படுக்கை நனையத் தொடங்கியதும் ஒரு நாள் தானாகவே பாயைச் சுருட்டினார். சாகப்போகிறவரைச் சுற்றி அனிதோக்கள், செத்தவர்களின் ஆவிகள், வந்து கூடும். அவை வீட்டிலிருக்கிற பச்சைப்பிள்ளையையும் தொடும். அதனால் வயசானவர்கள் ஒதுங்கிப் போவது அங்கே வழக்கம். வாசலில் யாராவது சோறு வைத்துவிட்டு வருவார்கள். உள்ளே போகமாட்டார்கள். சியமன் லமோர் தடுக்கவில்லை. தகரத்தை மட்டும் இழுத்துக் கட்டிக் கொடுத்தான்.

பாட்டில் ஒரு வரி முடிந்தது. சினன் லமோர் அடுத்த வரிக்குக் காத்தபடியே நடந்தாள். வரவில்லை. நின்றாள். ஓடையில் தண்ணீர் ஓடுகிற சத்தம். ஆட்டுக்குட்டி ஒன்று இருமியது. அடுத்த வரி வரவே இல்லை.

கூடையை எப்போது இறக்கினாள், ஓடையை எப்போது தாண்டினாள் என்று பிறகு யோசித்தும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. கிழவர் தண்ணீர்ப் பானைக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. இவளைப் பார்த்ததும் அந்தக் கண்ணில் பயம்தான் வந்தது.

"வராதே. போ. தொடாதே."

அதற்குள் அவள் கை அவர் கக்கத்துக்குள் போய்விட்டது. இவ்வளவு லேசாக இருப்பார் என்று நினைக்கவில்லை. கிழங்குக் கூடையே இதைவிடக் கனம். தூக்கிப் பாயில் கிடத்தினாள். இடுப்பின் கீழே ஈரம் ஊறி, தோல் வெந்து, துணியோடு ஒட்டியிருந்தது. பானைத் தண்ணீரை மொண்டு, தன் தலைத்துண்டை நனைத்துத் துடைத்தாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பிள்ளை இருக்கிற வீடு."

"தெரியும் மாமா. காலை அசைங்க."

திரும்பி வரும்போது ஓடைத் தண்ணீரில் இறங்கினாள். அப்போதுதான் பயம் வந்து சேர்ந்தது. கழுத்துவரை முங்கினாள், கையை மணலால் தேய்த்தாள். கொல்லைக் கத்தியை உருவி, அனிதோக்கள் பின்தொடராதபடி, அம்மா முன்பு செய்வதுபோலப் பின்பக்கக் காற்றில் வீசினாள். வாய் கர்த்தரின் நாமத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டில் எதையும் அவளால் விட முடியவில்லை.

மறுநாள் போகக்கூடாது என்றுதான் நினைத்தாள். மறுநாள் போனாள்.

*

கிழவர் லேசில் மசியவில்லை. முதலில் சிறு கல்லாகப் பார்த்து எறிந்தார். எறிகிற பலம் இல்லாததால் கல் பாய் ஓரத்திலேயே விழுந்தது. அதை எடுத்து அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு அவள் துணியை மாற்றினாள். பிறகு பேசமாட்டேன் என்றிருந்தார். பாக்கை இடித்துக் கொடுத்ததும் அதுவும் நிற்கவில்லை.

"சுண்ணாம்பு கூடிப்போச்சு."

"நேத்துக் குறைச்சல்னிய."

"நேத்துக் குறைச்சல். இன்னிக்கிக் கூடுதல். ஒரு நாளாவது சரியா வருதான்னு பாப்போம்."

"நாளைக்கும் வரச் சொல்லுதீங்களா?"

கிழவர் வாயை மூடிக்கொண்டு மென்றார். தகரத்தில் மேகம் சொட்டியது. அவர் தூங்கியபின்னும் அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அந்த இருட்டுக் குடிசையில் ஆட்டு வாடை, சுண்ணாம்பு வாடை, கழுவிய உடம்பின் வாடை எல்லாம் கலந்து, நேரம் எங்கேயோ கழன்று மிதந்தது. ஜெபம் செய்ய நினைத்து உட்காருவாள், ஜெபம் வராது. கிழவரின் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அதுவே போதுமாக இருந்தது.

சின்னத் தீவு. எத்தனை நாள் மறையும்? ஒரு சாயங்காலம் சியமன் லமோர் முற்றத்தில் உட்கார்ந்து கோலா மீன்களைக் கீறிக் கருவாட்டுக் கம்பில் ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே பேசினான்.

"ஓடைக்கு அந்தப் பக்கம் போறியாமே."

"ஆமா."

"தொடுதியாமே."

"தொடாம எப்படிங்க குளிப்பாட்டுறது?"

அவன் ஒரு மீனைக் கீறி முடித்தான். "படகுக்காரவிய என்ன சொல்லுதாவ தெரியுமா? நீ சமைச்சதைத் தின்னுட்டு நான் வலையைத் தொட்டா கோலா திரும்பிப் போயிருமாம்."

"நீங்க என்ன சொன்னிய?"

"நான் என்ன சொல்ல. வாயில பாக்கு இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"அவரு உங்க பெரியப்பா."

"அதுக்குத்தான் சொல்லுதேன். நான் விரட்டலை. லமோர் மேல ஒண்ணும் படக்கூடாதுன்னு அவரா போனாரு. அவருகிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நீ ஏன் பறிக்கே?"

 ராத்திரியெல்லாம் அந்தக் கேள்வியோடு புரண்டாள். அவன் சொன்னது உண்மை. கிழவரின் பாசம் அந்த ஓடையின் அகலம்தான்.

அந்த வாரமே லமோருக்குக் காய்ச்சல் வந்தது.

பிள்ளையின் உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதித்தது. கண் செருகி, ஏதேதோ பேசியது. நாத்தனார் சினன் வொனாய் ஓடி வந்தாள். பிள்ளையை மடியில் போட்டு ஈரத்துணி மாற்றினாள். "பாத்தியா" என்று அவள் சொல்வாள் என்று சினன் லமோர் காத்திருந்தாள். அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். சியமன் லமோர் வாசலில் கத்தியைக் கட்டித் தொங்கவிட்டு, கடலுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தான். சினன் லமோர் பிள்ளையின் பாதத்தில் முகத்தை வைத்து, "இனி போகமாட்டேன்" என்றாள். கர்த்தரிடம் சொன்னாளா, அனிதோக்களிடம் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

காய்ச்சல் இறங்கியது. பிள்ளை எழுந்து, கோபத்தோடு கஞ்சி கேட்டது. சினன் லமோர் ஓடைப் பக்கம் போகவில்லை. கொல்லைக்கும் சுற்றுவழியாகப் போனாள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் சினன் பிதோய் அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள். ஒரு காலை கடைக்கு வந்து ரொட்டி வாங்கித் தின்றுகொண்டே சொன்னாள்.

"ஸ்கூல்ல பாதி வகுப்புக்குக் காய்ச்சல்டி. அந்தப் பாதிப் பேரு வீட்டுலயும் உன்னை மாதிரி யாரும் ஓடை தாண்டலை."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போகலை?"

"தெரிஞ்சது மண்டைக்கு. வயித்துக்குத் தெரியலை. உனக்குப் பயமே கிடையாது. உன்னால எப்படித்தான்..."

சினன் பிதோய் ரொட்டியை மென்று விழுங்கினாள். "என் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிப் பாரு. ஊசி மருந்துக்குக் கீழ ஒரு கத்தி கிடக்கும். நான் படிச்சவ, ஞானஸ்நானம் எடுத்தவ. ஒவ்வொரு வீட்டுக்குப் போயிட்டு வந்தப்புறமும் அதை எடுத்து வீசிட்டுத்தான் வண்டியைக் கிளப்புதேன். பயம் போனப்புறம் போலாம்னு இருந்தா இந்தத் தீவுல ஒருத்தரும் யாரையும் தொடமாட்டோம்டி."

சினன் லமோர் சொன்ன சொல்லை நினைத்துக்கொண்டாள். பிள்ளையின் பாதத்தில் வைத்துச் சொன்ன சொல். அதை எப்படி மீறுவது என்று அவளுக்குப் புரியவில்லை. மறுநாள் மத்தியானம் கொல்லை வேலை முடிந்து, சுற்றுவழி பிரிகிற இடத்தில் வெகுநேரம் நின்றாள். மேகம் முகத்தில் ஈரமாகப் படிந்தது. குரல் எதுவும் வரவில்லை. முகாமில் வந்ததுபோல நடுக்கமும் வரவில்லை. ஒரு கிழவர் ஈரத்தில் கிடக்கிறார் என்பது மட்டும் இருந்தது. "ஆண்டவரே, பிள்ளையை நீர் பாத்துக்கிடும்" என்றாள். சொன்னபிறகும் பயம் போகவில்லை. அப்படியே ஓடையில் காலை வைத்தாள்.

கிழவர் பாதியாக வற்றியிருந்தார். நர்ஸ் வந்துபோயிருக்கிறாள், ஆனால் தினமும் வர முடியாது, அவள் ஆறு ஊர் பார்க்கவேண்டும்.

"பிள்ளைக்கு எப்படி?"

"ஓடியாடுதா மாமா."

"என்னாலதான் வந்துச்சு."

"ஸ்கூல்ல பாதிப் பேருக்கு வந்துச்சாம்."

"நீ அதை நம்புதியா?"

அவள் துணியைப் பிழிந்தாள். "பாதி நம்புதேன்."

கிழவர் சிரித்தார். பல்லில்லாத அந்தச் சிரிப்பை அவள் அன்றுதான் முதலில் பார்த்தாள்.

*

சியமன் லமோர் போகிற படகு பங்காளிகள் சேர்ந்து வைத்திருப்பது. அவர்களில் மூத்தவர் வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே வராமல் நின்று, சியமன் லமோரைக் கூப்பிட்டுச் சொன்னார். "கோவிச்சுக்காத. இந்த வருசம் நீ வர வேண்டாம்." பருவம் பாதியில் இருந்தது. கடற்கரையில் எல்லா ஆண்களும் படகு இறக்கும்போது இவன் முற்றத்தில் ஸ்கூட்டர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.  சாப்பாட்டைத் தட்டோடு எடுத்துப் போய் வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவான். அவள் ஒருநாள், "நான் போறதை நிறுத்திறட்டுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துனா படகுல ஏத்திக்கிடுவாவளா?"

"தெரியலை."

"அப்போ கேக்காத."

அதற்குப்பின் அவன் ஈட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் பாறைப்பக்கம் முங்கப் போனான். ஒரு மத்தியானம் திரும்பி வந்து, வாளியைத் திண்டில் வைத்தான். உள்ளே அவனே செதில் எடுத்துக் கழுவிய, கறுப்பாக, அழகில்லாத ஒரு மீன். அங்கே பெண்களுக்கான மீன் உண்டு, ஆண்களுக்கான மீன் உண்டு. இது கிழவர்களுக்கான மீன். மற்றவர் யாரும் தொட்டுத் தின்னமாட்டார்கள். தெரியாமல் ஈட்டி பாய்ச்சுகிற ஆள் இல்லை அவன்.

"இதை நம்ம வீட்டுல யாரு திங்க?" என்றாள்.

"யாரும் திங்க முடியாதுதான்." தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போனான்.

அவள் அதை உப்பு மட்டும் போட்டு அவித்து, சேப்பங்கிழங்கோடு கொண்டுபோனாள். கிழவர் கையால் தடவிப் பார்த்தார். விரல் நின்றது. என்ன மீன் என்று விரலுக்கே தெரிந்துவிட்டது.

"யாரு பிடிச்சா?"

"உங்க மகன்தான்."

தம்பி மகனை மகன் என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது. துண்டு துண்டாகப் பிய்த்து மெதுவாகத் தின்றார். கண்ணில் நீர் வடிந்தது, துடைக்கவில்லை. கடைசியில் முள்ளைத் துப்பிவிட்டு, "செதிலை ஒழுங்கா எடுக்கலை" என்றார்.

"சொல்லுதேன்."

"சொல்லாதே. பொறவு பிடிக்கமாட்டான்."

மேகம் கலைந்து வெயில் வந்த ஒரு பிற்பகலில் கிழவரின் மூச்சு மாறியது. நீண்டு போகும், நிற்கும், யோசித்துவிட்டுத் திரும்பி வரும். சினன் லமோர் ஓடைக்கு இந்தப் பக்கம் வழியில் போன நாத்தனார் மகளைக் கூவி அழைத்து வீட்டுக்குச் செய்தி அனுப்பினாள். கிழவருக்கு நினைவு இருந்தது.

"எழுந்து போ. மூச்சு போற நேரத்துல பக்கத்துல ஆள் இருக்கக்கூடாது. கூட்டமா நிக்காவ. எங்க அண்ணன் நிக்கான். அம்மா நிக்கா."

"நிக்கட்டும் மாமா. நானும் இருக்கேன்."

"பிடிவாதக்காரி."

அவர் கை சில்லிட்டிருந்தது. அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் ஞானப்பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கினாள். திருச்சபைப் பாடகர் குழுவில் அவள் எப்போதும் கீழ்க்குரல். ராகத்தை மற்றவர்கள் பாட, அடியில் இரண்டு மூன்று சுரத்துக்குள் ஏறி இறங்கிப் போகிறது அவள் பங்கு. அது மட்டும்தான் அவளுக்கு வரும். தனியாகக் கேட்டால் பாட்டாகவே இருக்காது.

கிழவர் கண்ணைத் திறக்காமல் கேட்டார். "என்ன பாட்டு இது? பாதிதான இருக்கு."

"பாதிதான் மாமா எனக்குத் தெரியும்."

அப்போது வெளியே இருந்து ராகம் வந்தது. கரகரத்த ஆண்குரல், கோவிலுக்கு வருஷத்தில் இரண்டு தடவை போகிறவனின் குரல். சினன் லமோர் வாசல்பக்கம் பார்த்தாள். சியமன் லமோர் ஆவிகளுக்கு எதிராகப் போடுகிற பிரம்புத் தலைக்கவசம் போட்டு, ஈட்டியை ஊன்றி, குடிசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். உள்ளே வருகிற துணிவு அவனுக்கு இல்லை. ஆனால் வருகிறவற்றை வழியிலேயே நிறுத்துகிறவனாக, கடலைப் பார்த்தபடி நின்று பாடினான். அவள் கீழ்க்குரலைத் தொடர்ந்தாள். பாட்டு முழுசாயிற்று. வெயிலில் தகரம் படபடவென்று வெடித்தது. ஆடுகள் மலைச்சரிவில் ஏறிக்கொண்டிருந்தன. எந்த அடியில் மூச்சு திரும்பி வராமல் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசி அடிவரை பாடி முடித்துத்தான் பார்த்தாள்.

பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்தார்கள். படகு மூத்தவரும் கவசம் போட்டுக்கொண்டு வந்தார். ரத்தக்கடன், வராமல் முடியாது.  ஆனாலும் அந்தப் பருவம் முடியும்வரை சியமன் லமோரைப் படகில் ஏற்றவில்லை. காலைக்கடைக்கும் ஊர்க்காரர்கள் வரவில்லை. சுற்றுலாப் பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். ராத்திரியில் லமோர் இருமினால் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள்.

பாஸ்டரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கர்த்தர் உங்களை எப்படி அழைத்தார் என்று சபைக்கு முன்னால் சாட்சி சொல்லுங்க" என்றார். சினன் லமோர் எழுந்து முன்னால் போய் நின்றாள். எல்லாரும் பார்த்தார்கள்.  குரல் கேட்டேன் என்று சொல்ல முடியாது. அவள் கேட்டது ஒரு பாட்டு நின்றுபோனதை மட்டும்தான். அதை எப்படிச் சாட்சியாகச் சொல்வது?

"அடுத்த ஊர்ல ஒரு அம்மா, ஆட்டுப்பட்டிக்கிட்டத் தனியா இருக்காவ," என்றாள். "நடக்க முடியாது. பாக்கை நல்லா இடிச்சுக் குடுக்கணும். இடது பக்கம் புரட்டுனா வலிக்கும், வலது பக்கமாத்தான் புரட்டணும். நானும் நர்சும் மாத்தி மாத்திப் போறோம். வியாழக்கிழமைக்கு ஆள் இல்லை."

அவ்வளவுதான். சாட்சி முடிந்துவிட்டதா என்று பாஸ்டரம்மாவுக்கே சந்தேகமாக இருந்தது. யாரும் ஆமென் சொல்லவில்லை. பெஞ்சுகளில் தலைகள் குனிந்தன. ஒரு குழந்தை செருப்பைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. சியமன் லமோர் கடைசி வரிசையில், கதவோரத்தில், கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சினன் லமோர் இடத்துக்குத் திரும்பவில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறவளைப்போல நின்றாள். யாரையும் குறை சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை; அந்தத் தலைகள் எதற்குக் குனிந்திருக்கின்றன என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு தொண்டைச் செருமல். சினன் வொனாய் தலையைத் தூக்கவில்லை. மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, கோபம் வந்தவள்போலக் கேட்டாள்.

"காலையிலயா, மத்தியானமா?"